பழைய லென்ஸ், புதிய கேமரா: வாசகர் கேள்வி – பதில்

ஒளிப்படப் பகுதிக்கு இம்மாதம் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே பொருளைப் பற்றியவை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஒரு காலத்தில் வீடு வந்து சேர்ந்த ஃபிலிம் கேமராக்கள் இன்று பீரோக்களில் கிடக்கின்றன. அவற்றின் லென்ஸ்களை இன்றைய டிஜிட்டல் கேமராவில் பொருத்திப் படம் எடுக்க முடியுமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அந்த லென்ஸ்களில் பல இன்றும் அருமையாகப் படம் தரக்கூடியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அப்பா 1980-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த மினோல்டா கேமராவும், அதன் 50 மி.மீ. எஃப் 1.7 எம்டி லென்ஸும் வீட்டில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது கேனான் டிஎஸ்எல்ஆர். எல்லா லென்ஸுக்கும் அடாப்டர் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: உங்கள் கேனான் டிஎஸ்எல்ஆருக்காக அந்த அடாப்டரை வாங்க வேண்டாம். லென்ஸைப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்கு ஏற்ற உடல் மிரர்லெஸ் கேமராதான்.

லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்தின் (இதுதான் மவுண்ட்) முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமரா வரிசைக்கென்று நிர்ணயித்து வைத்திருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்டுக்கு அது 46.5 மி.மீ.; ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46; யாஷிகாவும் கான்டாக்ஸும் பகிர்ந்துகொண்ட மவுண்டுக்கு 45.5, எம்42 என்ற திருகு மவுண்டுக்கும் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கும் 45.46, கேனான் டிஎஸ்எல்ஆரின் இஎஃப் மவுண்டுக்கு 44, உங்கள் மினோல்டாவுக்கு 43.5, கேனானின் பழைய எஃப்டி மவுண்டுக்கு 42. லென்ஸின் தூரம் கேமராவின் தூரத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்தை நிரப்பும் ஒரு வளையமே அடாப்டர். அதற்குள் கண்ணாடி எதுவும் தேவையில்லை. லென்ஸின் தூரம் குறைவாக இருந்தால் நிரப்ப இடமே இல்லை. உங்களுக்கு நேர்வது இதுதான். மினோல்டா லென்ஸ் கேனான் உடலுக்குள் அரை மில்லிமீட்டர் புதைந்து நின்றால்தான் தொலைவிலுள்ளவை தெளியும். ஆனால் எந்த அடாப்டருக்கும் கொஞ்சமாவது கனம் உண்டு. அந்தக் கனத்தையும் சேர்த்து லென்ஸ் 2 மி.மீ. முன்னே தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 1.3 மீட்டருக்கு அப்பால் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. பூவை எடுக்கலாம், கோபுரத்தை எடுக்க முடியாது.

மிரர்லெஸ் கேமராவில் நிலைமை தலைகீழ். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே எழும்பி இறங்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி அங்கே இல்லை என்பதால், சோனி இ மவுண்டின் தூரம் 18 மி.மீ., நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20, ஃபூஜி எக்ஸ் 17.7 என்று சுருங்கிவிட்டது. உங்கள் மினோல்டாவுக்கும் சோனிக்கும் இடையே 25.5 மி.மீ. இடம் கிடைக்கிறது, அந்த நீளத்துக்கு ஓர் உள்ளீடற்ற உலோகக் குழாய் போதும், படத்தின் தரத்தில் எதுவும் குறையாது. மேலே சொன்ன ஃபிலிம் எஸ்எல்ஆர் லென்ஸ்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

மிரர்லெஸ் வாங்கும்போது மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். அடாப்டருக்குள் மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டப்படவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். சோனி போன்ற கேமராக்களின் மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்ற அமைப்பைத் திறந்துவிட்டால்தான் ஷட்டர் இயங்கும். உடலுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால், லென்ஸின் குவியத்தூரத்தை நீங்களே 50 என்று பதிந்து கொடுக்க வேண்டும். சிறிய சென்சார் கேமராவிலும் லென்ஸில் அச்சிட்டிருக்கும் எண்ணையே தர வேண்டும், சென்சாரின் அளவுக்கேற்பப் பெருக்கி வந்த எண்ணை அல்ல. மூன்றாவது சென்சாரின் அளவு. 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்ட சென்சாரில் உங்கள் 50 மி.மீ. தன் பழைய காட்சிக் கோணத்தை அப்படியே தரும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்–சி சென்சாரில் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவதால், 75 மி.மீ. லென்ஸில் பார்ப்பதுபோல் நெருக்கமாகத் தெரியும். முகங்களை எடுக்க அது நன்று. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் முழுவதையும் எடுக்கத் தெருவின் எதிர்ப்பக்கம் வரை போக வேண்டியிருக்கும்.

கேள்வி: மலேயாவில் வேலை பார்த்த தாத்தாவின் யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமரா என்னிடம் உள்ளது. அதன் 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸைக் கழற்றிச் சோனியில் பொருத்த என்ன அடாப்டர் வேண்டும்? (பாபநாசம் வாசகர்)

பதில்: அந்த லென்ஸ் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஃபோகஸ் செய்யும் பொறி கேமரா உடலோடு பின்னியிருக்கிறது. அறுத்து எடுத்து மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு நல்ல கேமராவைக் கெடுத்து ஒரு சுமாரான லென்ஸைப் பெறுவதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். 5.6 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்ட கேமரா அது. அந்த மின்கலத்தின் உற்பத்தி நின்றுவிட்டாலும், இன்றைய மின்கலத்தை அதே இடத்தில் வைப்பதற்கான சிறு உறைகள் கிடைக்கின்றன. ஒரு ஃபிலிம் சுருள் வாங்கித் தாத்தாவின் கேமராவில் தாத்தா எடுத்த முறையிலேயே எடுங்கள்.

கேள்வி: பழைய 135 மி.மீ. லென்ஸ் ஒன்றை உள்ளூர் ஸ்டூடியோக்காரரிடம் வாங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிகின்றன. வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கச் சொல்பவர்களும் உண்டு. எதைச் செய்வது? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: நீங்கள் பார்த்தது பூஞ்சை. டெல்டாவில் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பகை வேறில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில், வயல்களில் தேங்கிய நீரும் கடற்காற்றும் சேர்ந்து வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையும் ஈரமாக்கிவிடுகின்றன. கண்ணாடியின் மேல் படிந்த தூசியிலும் கைபட்ட எண்ணெய்ப் பசையிலும் பூஞ்சை பிடிக்கிறது. வளரும்போது அது வெளியிடும் அமிலம், ஒளி எதிரொளிப்பைக் குறைப்பதற்காகக் கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சை அரிக்கிறது. நெடுநாள் விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும்.

ஆகவே காலம் முக்கியம். அண்மையில் பிடித்த பூஞ்சையை லென்ஸைப் பிரிக்கத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவர் துடைத்தெடுத்தால் தடமே இல்லாமல் போய்விடக்கூடும். அரித்துவிட்ட தடமோ எந்தத் துடைப்புக்கும் போகாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பூஞ்சையின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கலாம், ஆனால் இறந்த இழைகள் அங்கேயே கிடக்கும். கடும் வெயிலின் சூட்டில் உள்ளேயிருக்கும் கிரீஸ் இளகி எண்ணெய் பிரிந்து, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபர்ச்சர் இதழ்களில் படியும். அதைவிடப் பெரிய ஆபத்து, இரு பக்க மூடிகளும் இல்லாத லென்ஸ் சூரியனை ஒரு புள்ளியில் குவித்துத் தீ மூட்டக்கூடியது என்பது. வைக்கோல் போரோ கீற்றுக் கூரையோ உள்ள இடத்தில் ஒரு லென்ஸை வெயிலில் வைத்துவிட்டு நகர்ந்துபோவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அரிசி வேண்டாம். அரிசிக்குள்ளேயே ஈரம் உண்டு, அதன் தவிட்டுத் தூள் ஃபோகஸ் வளையத்தின் இடுக்கில் நுழைந்துவிடும். அந்துருண்டையும் கற்பூரமும் கூடவே கூடாது. அவற்றின் ஆவிக்கு அருகில் கேமராவையும் லென்ஸையும் வைக்கக் கூடாது என்று கேமரா கையேடுகளே எச்சரிக்கின்றன. தோல் உறை பார்க்க அழகுதான், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸுக்குக் கொடுக்கும். உறையைத் தனியே வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஆகிய மூன்றும் போதும். கருவி 40 முதல் 50 சதவீதம் வரை காட்ட வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் பயன்படுத்தலாம், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. லென்ஸ்கள் கூடிக்கொண்டே போனால் மின்சாரத்தில் இயங்கும் உலர் பெட்டி வாங்குவது நல்லது. எல்லாவற்றையும்விட, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதுதான் சிறந்த பாதுகாப்பு. பூட்டிய பீரோவுக்குள் மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சை தடையின்றி வளர்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடையிலேயே லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசித் துகள்களால் படத்துக்கு எந்தக் கேடும் இல்லை; முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருந்தாலும் பெரும்பாலும் படத்தில் தெரியாது. ஆனால் பனிபோன்ற மங்கல் முழுவதும் பரவியிருந்தால் படத்தின் கருமை வெளுத்துவிடும். அந்த லென்ஸை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்த பழைய செனிட் கேமராவின் ஹீலியோஸ் 44–2 லென்ஸை, நடுவில் கண்ணாடி உள்ள அடாப்டர் மூலம் நிக்கான் டி5600-இல் பொருத்தினேன். படங்கள் மங்கலாக, ஒளி பரவினாற்போல் வருகின்றன. பின்னணி சுழலும் என்று சொன்னார்களே, அதுவும் தெரியவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: லென்ஸின் மேல் பழி போடுவதற்கு முன் அடாப்டரிலுள்ள அந்தச் சிறு கண்ணாடியைக் கவனியுங்கள். எம்42 லென்ஸுக்கு 45.46 மி.மீ. தேவை, நிக்கான் உடலின் தூரமோ 46.5. தொலைவிலுள்ளவற்றைத் தெளியவைக்க வேண்டிய அந்தச் சரிக்கட்டலை ஒரு மலிவான கண்ணாடியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அபர்ச்சரை முழுக்கத் திறந்து எடுக்கும்போது நீங்கள் காணும் மங்கலுக்கு அது முதன்மையான காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணாடியைக் கழற்ற முடிகிற அடாப்டராக இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். தொலைதூர ஃபோகஸை இழப்பீர்கள். மொத்தம் 2 மி.மீ. தள்ளி நிற்கும் என்று கொண்டால் 58 மி.மீ. லென்ஸால் ஏறத்தாழ 1.7 மீட்டர் வரை மட்டுமே தெளிய முடியும். ஆனால் டி5600-இல் அந்தத் தொலைவில் ஒருவரின் தலையும் தோளும் சட்டத்தை நிறைக்கும் என்பதால், உருவப்படத்துக்கு அது தாராளமாகப் போதும். அந்த எல்லைக்குள் ஹீலியோஸ் தன் முழுத் திறமையையும் காட்டும்.

இந்த லென்ஸ் ஜெர்மனியின் ஸெய்ஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2 வடிவமைப்பிலிருந்து சோவியத் ஒன்றியத்தில் உருவானது. சுழலும் பின்னணி என்பது அதன் ஓரப்பகுதியில் தோன்றும் குணம். படத்தின் ஓரங்களில் ஒளிவட்டங்கள் பூனைக் கண்ணின் வடிவத்துக்கு நசுங்குவதால், அவை நடுவைச் சுற்றி வளைந்து ஓடுவதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. உங்கள் ஏபிஎஸ்–சி சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டிவிடுகிறது. முழுச்சட்டத்தில் தெரியும் அளவுக்கு உங்களுக்குத் தெரியாது. ஆயினும் முற்றிலும் இல்லாமல் போகாது. அபர்ச்சர் எஃப் 2-இல் இருக்கட்டும். எடுக்கப்படுபவர் ஒன்றரை மீட்டரில் நிற்கட்டும். அவருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி, இலை இடுக்குகள் வழியே ஒளி புள்ளி புள்ளியாக வடியும் பின்னணி இருக்கட்டும். ஆற்றங்கரை மூங்கில் புதரும் மாந்தோப்பும் இதற்குப் பொருத்தமானவை. அறுவடைக்கு முந்தைய நெல்வயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரே சீரான பச்சை. சுழல்வதற்கு அங்கே புள்ளிகள் இல்லை.

இன்னொன்று: மின் தொடர்பற்ற லென்ஸைப் பொருத்தினால் டி5600 ஒளியை அளக்காது. எல்லாவற்றையும் கையால் அமைக்கும் எம் நிலையில் வைத்து, ஒரு படம் எடுத்து, வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஷட்டர் வேகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் மாறாத இடத்தில் இரண்டு படங்களுக்குள் சரியான அளவுக்கு வந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ஸ்டூடியோவில் 1960-களின் நிக்கான் லென்ஸ்கள் சில உள்ளன. நிக்கான் லென்ஸ், நிக்கான் உடல் என்பதால் டி7200-இல் அடாப்டர் இல்லாமலே மாட்டலாம் அல்லவா? (திருவையாறு வாசகர்)

பதில்: தயவுசெய்து மாட்டாதீர்கள். லென்ஸின் அபர்ச்சரைக் கேமராவுக்கு அறிவிக்கும் ஏஐ என்ற முறையை நிக்கான் 1977-இல் கொண்டு வந்தது. அதற்கு முந்தைய லென்ஸ்களின் அபர்ச்சர் வளையத்தின் விளிம்பு, டி7200 போன்ற உடல்களின் மவுண்டைச் சுற்றியுள்ள ஒளியளவு நெம்புகோலின் மேல் மோதி அதை உடைத்துவிடக்கூடும். அபர்ச்சர் வளையத்தில் பெரிய எண்களோடு, மவுண்டை ஒட்டி இரண்டாவதாக ஒரு சிறிய எண் வரிசையும் இருந்தால் அது ஏஐ லென்ஸ். தயங்காமல் மாட்டலாம், குவியத்தூரத்தையும் அபர்ச்சரையும் மெனுவில் பதிந்தால் ஒளியளவும் கிடைக்கும். பழைய எண் வரிசை மட்டுமே உள்ளவற்றை, நெம்புகோல் ஏதுமில்லாத சாதாரண அடாப்டர் வழியாக மிரர்லெஸ் கேமராவில் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: கையால் ஃபோகஸ் செய்து ஓடும் காட்சியை எப்படி எடுப்பது? ஆழித்தேர் புறப்படும்போது 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோடு நின்றேன். ஃபோகஸ் பீக்கிங் நிறம் காட்டியும் பாதிப் படங்கள் தெளிவாக வரவில்லை. (திருவாரூர் வாசகர்)

பதில்: பீக்கிங் என்பது தெளிவான விளிம்பென்று கேமரா கருதும் இடத்தில் நிறம் பூசும் ஓர் உதவி மட்டுமே. எஃப் 1.4, எஃப் 2 போன்ற அகன்ற அபர்ச்சர்களில், உண்மையில் தெளிந்த இடத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்தே அது நிறம் காட்டும். முழுச்சட்டத்தில் 58 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் 1 மீட்டர் தொலைவில் வைத்தால் தெளியும் ஆழம் 3.5 செ.மீ. அளவுதான். கண்ணுக்குப் பதில் மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் பீக்கிங் உங்களுக்குச் சொல்லாது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரை எடுக்கும்போது, திரையில் காட்சியைப் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்த்து வளையத்தைத் திருப்புவதே நம்பத்தக்க வழி.

தேரோட்டத்துக்கு அந்த வழி உதவாது. அங்கே ஃபோகஸ் செய்வதையே முன்கூட்டி முடித்துவிட வேண்டும். 50 மி.மீ. லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு 28 மி.மீ. லென்ஸ் ஒன்றை எடுங்கள். அபர்ச்சரை எஃப் 8-இல் வைத்து, தூர வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், முழுச்சட்ட கேமராவில் ஏறத்தாழ 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாம் போதிய தெளிவோடு பதியும். வடம் பிடிப்பவர்களின் கையும் தெரியும், தேரின் உச்சியும் தெரியும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் கவனம் முழுவதும் கூட்டத்தின் மேல் இருக்கலாம். ஷட்டர் வேகம் விநாடிக்கு 250-இல் ஒரு பங்குக்குக் குறையாமல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்திறன்) ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய லென்ஸ்களின் உடலில் தூர எண்களுக்குக் கீழே இரு பக்கமும் 4, 8, 16 என்று பொறித்திருக்கும் கோடுகள் இதற்காகவே இருக்கின்றன. இன்றைய தானியங்கி லென்ஸ்கள் பலவற்றில் இந்த அளவுகோலே இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஏபிஎஸ்–சி கேமராவில் எடுப்பவர்கள் எஃப் 8-இல் படம் எடுத்து, அளவுகோலில் 5.6-க்குரிய எல்லையைப் பின்பற்றுவது பாதுகாப்பானது.

இதில் அடாப்டரின் நேர்மையும் சேர்ந்திருக்கிறது. தொலைதூரம் எப்படியும் தெளிய வேண்டும் என்பதற்காக, விலை குறைந்த அடாப்டர்களைத் தேவையான அளவைவிடச் சற்றுக் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அடாப்டரில், படுத்த எட்டுப்போல் பொறித்த முடிவிலிக் குறிக்கு வளையம் போவதற்கு முன்பே தொலைவு தெளிந்துவிடும். லென்ஸில் பொறித்த தூரங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் தெரியும் கோபுரத்தையோ கைப்பேசிக் கம்பத்தையோ திரையில் பெரிதாக்கித் தெளியவைத்து, வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குறியிலிருந்து விலகி நின்றால், அந்த விலகலை ஒரு சிறு வெள்ளைப் புள்ளியால் லென்ஸில் குறித்துக்கொண்டு, அதையே உங்கள் புதிய அளவுகோலின் தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: சூப்பர் தக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் கிடைத்தது. கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கிறது. கதிரியக்கம் உள்ள லென்ஸ் என்று சொல்லி வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வீட்டில் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பயம் அளவுக்கு மீறியது. ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடியைப் பெறுவதற்காக அக்காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். உங்கள் லென்ஸின் ஏழு கண்ணாடி கொண்ட வடிவம் அவற்றுள் ஒன்று. தோரியத்தின் கதிர்வீச்சே ஆண்டுக்கணக்கில் அந்தக் கண்ணாடியை மஞ்சளாக்கியிருக்கிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுக்கும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைத்துப் பொடியாக்குவதோ கூடாது. தலைமாட்டில் வைத்துத் தூங்கவும் தேவையில்லை. உடைந்துபோனால் குழந்தைகள் தொடாமல் அப்புறப்படுத்துங்கள்.

மஞ்சளைப் போக்க முடியும். புற ஊதா ஒளி தரும் எல்இடி விளக்கின் கீழ், வெளிச்சம் கண்ணாடி வழியே புகும்படி லென்ஸை நாள்கணக்கில், தேவைப்பட்டால் வாரக்கணக்கில் வைத்தால் நிறம் படிப்படியாகத் தெளியும். விளக்கை நேரே பார்க்காதீர்கள். லென்ஸ் அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலைப் பயன்படுத்துவதில் உள்ள தீ ஆபத்தை மேலே மயிலாடுதுறை வாசகிக்குச் சொன்னேன். ஆனால் எடுப்பது டிஜிட்டல் படம் என்றால், நிறச் சமநிலையைக் கேமராவிலேயே திருத்திவிடலாம் என்பதையும் யோசியுங்கள். மஞ்சளால் உண்மையில் இழப்பது கொஞ்சம் வெளிச்சம் மட்டுமே. அந்த மஞ்சளோடு தாராசுரத்தின் மாலை வெயிலை எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பித்தளைப் பாத்திரமும் விளக்கும் செய்யும் பட்டறைகளிலும் லேத் பட்டறைகளிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அடாப்டரை உள்ளூரிலேயே கடைந்து வாங்க முடியாதா? தாராசுரம் கோயிலின் நுண்சிற்பங்களை அருகில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. (கும்பகோணம் வாசகர்)

பதில்: கடைபவரின் திறமையில் எனக்கு ஐயமில்லை, ஆனால் தேவைப்படும் துல்லியம் கடுமையானது. அடாப்டரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு தவறினாலும் தூர அளவுகோல் பிசகும். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், படத்தின் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மங்கும். எம்42-இன் திருகு எளிது: 42 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு. பூட்டிக்கொள்ளும் மூன்று காதுகள் கொண்ட மவுண்டைக் கடைவதுதான் கடினம். ஆகவே தொலைதூரம் வரை தெளிய வேண்டிய அடாப்டரைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசைக்கோ அந்தத் துல்லியமே தேவையில்லை. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், அடியார் கதைகளைச் சொல்லும் சிறு புடைப்புச் சிற்பங்கள் அடித்தளத்தில் வரிசையாக உள்ளன. அவற்றை எடுக்க லென்ஸைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் நீட்டிப்புக் குழாய் போதும். 50 மி.மீ. லென்ஸோடு 25 மி.மீ. குழாய் சேர்த்தால் பொருளின் பாதி அளவு உருவம் சென்சாரில் விழும். அவ்வளவு நெருக்கம் முகபாவத்துக்கும் அணிகலனுக்கும்தான் வேண்டும். ஒரு சிற்பம் முழுவதும் அடங்க 5 முதல் 10 மி.மீ. குழாய் போதும். அந்தக் குழாயின் நீளத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் படம் கெடாது. ஆகவே எம்42 திருகு இரு முனையிலும் கொண்ட பித்தளைக் குழாய்களை உங்கள் ஊரிலேயே கடைந்து வாங்குங்கள். உட்புறத்தை மினுமினுப்பில்லாத கருப்பால் பூசச் சொல்ல மறக்காதீர்கள். பளபளக்கும் பித்தளை உள்ளே ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளுக்க வைத்துவிடும். கூடவே ஒரு லென்ஸ் மறைப்பும் கடையச் சொல்லலாம். பழைய பூச்சுகள் பக்க ஒளியை எளிதில் தாங்காதவை, நம் ஊர் வெயிலுக்கு மறைப்பு இல்லாமல் எடுக்கவே கூடாது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்பதால் முக்காலி வைக்க அனுமதி பெற வேண்டும். கையில் பிடித்தே எடுப்பதானால், சாய்வெயில் கல்லின் மேல் விழும் காலை நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் புடைப்பின் நிழல் இல்லாமல் சிற்பம் தட்டையாகிவிடும்.

கேள்வி: கோடிக்கரைப் பறவைகளுக்காக 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. டி2 மவுண்ட் என்கிறார்கள். என்னிடமுள்ள எம்42 அடாப்டரில் பொருந்துமா? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: பொருந்தாது, பலவந்தமாகத் திருகவும் கூடாது. இரண்டுக்கும் விட்டம் 42 மி.மீ. என்பதால் முதல் சுற்று ஏறும். ஆனால் டி2-இன் திருகு ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. மட்டுமே நகர்வது, எம்42-இல் அது 1 மி.மீ. என்பதால் இரண்டாவது சுற்றிலேயே திருகு சிதையும். தூரமும் வேறு: டி2-க்கு 55 மி.மீ. உங்கள் கேமராவுக்கென்று தனியாக டி2 வளையம் வாங்க வேண்டும். நல்லவேளையாக அது எளிய பொருள், டிஎஸ்எல்ஆர் உடல்களுக்கும் தொலைதூர ஃபோகஸோடு கிடைக்கும்.

வாங்கலாமா என்றால், பறக்கும் பறவைக்கு வேண்டாம். எஃப் 8-லேயே நிலையாக நிற்கும் லென்ஸில், மயிரிழை அளவு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே ஆலாவைத் தொடர்வது மிகவும் கடினம். உப்பளத்து ஆழமற்ற நீரில் நின்று இரைதேடும் பூநாரைகளுக்கு அது போதும். ஆனால் நீரில் மின்னும் ஒவ்வோர் ஒளிப்புள்ளியையும் இந்த வகை லென்ஸ் நடுவில் ஓட்டையுள்ள வளையமாக்கிவிடும் என்பதால், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள். வெயில் ஏறினால் உப்பளத்தின் மேல் காற்று நெளியும். அப்போது எந்த விலையுள்ள லென்ஸும் தெளிவாகப் பார்க்காது. விடிந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள், முக்காலியில் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.